ஹோம்ஸ்கூலை விட்டு அரசுப் பள்ளியில் சேர்த்தோம்

எங்கள் மகன் சங்கீதம் 91-ஐ ஆங்கிலத்தில் கடகடவென்று சொல்லி முடித்தபோது, அவன் மடியிலிருந்த வேதாகமம் நீதிமொழிகளில் திறந்திருந்தது. தற்செயலாக எட்டிப் பார்த்ததால்தான் எனக்குத் தெரிந்தது. சங்கீதத்தைத் திருப்பிக் கொடுத்து, நடுவில் ஒரு வசனத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னேன். முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டான். அக்கா வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து, ஒவ்வொரு ராத்திரியும் குடும்ப ஜெபத்தில் வாசிப்பதுபோல உட்கார்ந்திருந்திருக்கிறான். ஒன்பது வயது. அவனுக்கு ஆசிரியை நான்தான்.

நாங்கள் டெக்சாஸில், டாலஸுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான்கு வருஷம் இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தேன், அதைத்தான் ஹோம்ஸ்கூல் என்கிறோம். இந்த மாநிலத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை. வீட்டில் நடக்கும் கல்வியும் ஒரு தனியார் பள்ளிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அனுமதி வாங்க வேண்டாம், வருஷ முடிவில் அரசுத் தேர்வும் இல்லை. மகளுக்கு அது மிகவும் நன்றாக இருந்தது. அதே சுதந்திரத்தில்தான் மகனின் கஷ்டம் இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் போனது.

அரசுப் பள்ளி என்ற பேச்சை முதலில் எடுத்தவர் என் கணவர். (இங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் நம் ஊர் அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது.) எனக்குக் கோபம் வந்தது. எங்கள் சபையில் பாதிக் குடும்பங்கள் ஹோம்ஸ்கூல் செய்பவர்கள். "ஜெபத்தையே வெளியே தள்ளின இடத்துக்கா பிள்ளைகளை அனுப்பப் போறீங்க?" என்று ஒரு அக்கா கேட்டார். அவர் சொன்னதைத்தான் நானும் அதுவரை மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, உண்மையில் என்னதான் தடை செய்திருக்கிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-இலும் 1963-இலும் தடுத்தது, பள்ளி முன்னின்று நடத்தும் ஜெபத்தையும் வேத வாசிப்பையும்தான். பிள்ளை தானாக ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கலாம், வேதாகமம் கொண்டுபோகலாம், ஓய்வு நேரத்தில் வாசிக்கலாம். மேல்நிலைப் பள்ளிகளில் மற்ற மாணவர் குழுக்களுக்கு இடம் கொடுத்தால் வேதாகமக் குழுவுக்கும் கொடுக்க வேண்டும் என்று 1984-இலேயே சட்டம் வந்துவிட்டது. டெக்சாஸில் தினமும் கொடி உறுதிமொழி முடிந்ததும் ஒரு நிமிடம் மௌனம். அந்த நேரத்தில் பிள்ளை ஜெபிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு பாடமோ நிகழ்ச்சியோ நம் விசுவாசத்துக்கு ஒவ்வாது என்றால், எழுதிக் கொடுத்துப் பிள்ளையை அதிலிருந்து மட்டும் விலக்கிக்கொள்ளலாம். தேர்வுக்கு டிமிக்கி கொடுக்கவோ, ஒரு பாடத்தைப் பருவம் முழுக்கத் தவிர்க்கவோ இதைப் பயன்படுத்த முடியாது.

இவ்வளவு படித்தும் மனசு ஒப்பவில்லை. உபாகமம் 6-ஆம் அதிகாரம்தான் உறுத்திக்கொண்டிருந்தது, பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லும் பகுதி. அதை வைத்துத்தான் நாங்கள் ஹோம்ஸ்கூலே ஆரம்பித்தோம். மறுபடி வாசித்தபோது அதில் வரும் நேரங்கள் கண்ணில் பட்டன. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. இந்த நேரங்களில் எதையும் பள்ளி என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போவதில்லை. வகுத்தலும் வாசிப்பும் இன்னொருவர் சொல்லிக்கொடுப்பதால் இந்தப் பொறுப்பு கைமாறிவிடாது. யோசித்துப் பார்த்தால் நானும் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவள்தான். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, ராத்திரி வீட்டில் ஜெபம். அதில் ஒரு முரண் இருப்பதாக என் அப்பா அம்மாவுக்குத் தோன்றியதே இல்லை.

சபையில் சிலர் எங்களை ஆதரித்து, பிள்ளைகள் அங்கே போய் வெளிச்சமாக இருக்கட்டும் என்றார்கள். அன்போடு சொன்னார்கள். ஆனால் அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் தலையில் வைக்க எனக்கு மனசில்லை. ஒன்பது வயதுப் பையனை நாங்கள் மிஷனரியாக அனுப்பவில்லை. அவன் வாசிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறான், அவ்வளவுதான். அவனிடமும் அதைத் தெளிவாகச் சொன்னோம்.

சேர்க்கைக்குக் கேட்ட காகிதங்கள் சாதாரணமானவைதான்: பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, அந்தப் பள்ளி மாவட்டத்தில் குடியிருப்பதற்கு மின்கட்டண ரசீது, எங்களில் ஒருவரின் அடையாள அட்டை. ஏழாம் வகுப்பில் சேர இரண்டு தடுப்பூசிகள் கூடுதலாக வேண்டும் என்பது மகளுக்காகப் போனபோதுதான் தெரிந்தது. ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறக்கிறது, ஜூலை கடைசியில் மருத்துவரிடம் நேரம் கிடைப்பது பெரும்பாடு. ஜூனிலேயே இதை முடித்துவிடுங்கள்.

மகளின் பள்ளி அலுவலகத்தில், ஹோம்ஸ்கூல் மதிப்பெண் செல்லாது, ஒரு வகுப்பு கீழேதான் சேர்க்க முடியும் என்றார்கள். அவள் முகம் வாடிவிட்டது. நான் வாக்குவாதம் செய்யவில்லை. தனியார் பள்ளியிலிருந்து வரும் மாணவரை எப்படி மதிப்பிடுவீர்களோ அந்த விதியை எழுத்தில் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாளில் பள்ளியின் மாணவர் ஆலோசகரே கூப்பிட்டார். பாடத் தலைப்புகள், அவள் எழுதிய கட்டுரைகள், கணக்கு நோட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போனோம். ஒரு தேர்வு வைத்து, வயதுக்குரிய வகுப்பிலேயே போட்டார்கள். பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அன்றைக்கு உதவியது.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம். ஆங்கிலம் என்றே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் தேர்வு வைப்பார்கள் என்று ஒருவர் சொன்னார். பொய் எழுத மனம் வரவில்லை, தமிழ் என்று எழுதினோம். தேர்வு வைத்தார்கள். மகள் தேறிவிட்டாள். மகன் பேச்சில் நன்றாகச் செய்தான். ஆனால் அந்தத் தேர்வில் வாசிப்பும் எழுத்தும் உண்டு, அதில் விழுந்தான். உடனே ஆங்கிலம் கற்கும் மாணவர் என்று குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டில் தமிழ் பேசுவதால்தான் வாசிப்பு வரவில்லை என்று இத்தோடு முடித்துவிட்டால் என்ன செய்வது?

அதனால் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே, வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று முழு மதிப்பீடு செய்யும்படி எழுத்தில் விண்ணப்பித்தேன். வாயால் கேட்டால் போதாது. எழுதிக் கொடுத்தால் பள்ளி 15 பள்ளி நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். நாம் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கையை முடிக்க வேண்டும். காசு எதுவும் இல்லை. கடிதத்தில் இரண்டு விஷயங்களை அழுத்தி எழுதினேன்: அவன் ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான் என்பது ஒன்று; காதால் கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறான், ஆனால் தெரியாத வார்த்தையை எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பது இன்னொன்று. மதிப்பீடு செய்த அம்மா, இந்த இரண்டாவது வரிதான் தனக்கு வழிகாட்டியது என்று பிறகு சொன்னார்.

டிஸ்லெக்சியா என்று வந்தது, எழுத்தை ஒலியோடு சேர்த்து வாசிக்கச் சிரமப்படும் குறைபாடு. அதன்பின் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டம், இங்கே ஏ.ஆர்.டி என்பார்கள். ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கான ஆசிரியரும் அதில் இருந்தார், அதனால் தமிழ் மேல் பழி விழவில்லை. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகச் சேர்த்துக் கற்பிக்க, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை சின்னக் குழுவாக வைத்து இப்போது சொல்லிக்கொடுக்கிறார். நான் நான்கு வருஷம் அன்போடும் கண்டிப்போடும் செய்தும் வராதது, முறை தெரிந்தவர் கையில் மெல்ல வருகிறது. ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்: பள்ளியில் சேர்க்காமலே, ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கும் இந்த மதிப்பீட்டை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வாசிக்கத் திணறும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கேளுங்கள்.

மகளுக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான். மதியச் சாப்பாட்டில் தனியாக உட்கார்ந்தாள். கேட்ட கெட்ட வார்த்தைகளுக்கு அர்த்தம் என்னவென்று என்னிடமே வந்து கேட்டாள். நான் மறைக்காமல் சொன்னேன். காரில் வரும் இருபது நிமிடம் எங்கள் பேச்சுக்கே போதவில்லை. செப்டம்பர் நான்காவது புதன்கிழமை, பள்ளி தொடங்கும் முன் கொடிக்கம்பத்தைச் சுற்றி மாணவர்களே நின்று ஜெபிப்பார்கள். 1990-இல் இதே டெக்சாஸில் ஆரம்பித்த வழக்கம். அவள் பள்ளியில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். போ என்று நாங்கள் சொல்லவில்லை. அதில் ஒரு பெண்ணோடுதான் இப்போது சேர்ந்து சாப்பிடுகிறாள்.

அந்த ஒரு நிமிட மௌனத்தில் என்ன செய்வாய் என்று மகனிடம் கேட்டேன். இன்றைக்கு என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது என்று ஜெபிப்பேன் என்றான். இது அக்டோபரில்.

போன வாரம் குடும்ப ஜெபத்தில், நான் வாசிக்கிறேன் என்று அவனே கேட்டான். சங்கீதம் 121, எட்டே வசனம். விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் போனான். ஓரிடத்தில் அக்கா எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள், என் கணவர் வேண்டாம் என்று கைகாட்டினார். முடிக்க வெகுநேரம் ஆகிவிட்டது. அன்றைக்குப் பாட்டுப் பாடாமலே படுத்தோம்.