ஒரு நல்ல கணக்கு வகுப்பறைக்குள் என்ன ஆகிறது?

பன்னாட்டுக் கல்வி ஒப்பாய்வு என்றாலே, எந்த நாடு எத்தனையாவது இடம் என்ற பட்டியலோடு நம் நாளிதழ்ச் செய்திகள் முடிந்துவிடுகின்றன. ஆசிரியர் பயிற்சியில் பணிபுரியும் எனக்கு அந்தத் தரவரிசையைவிடப் பெரிதும் பயன்பட்டது, டிம்ஸ் என்னும் பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வையொட்டி நடந்த வகுப்பறைக் காணொளி ஆய்வுதான். 1995-இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஸ்டிக்லர் தலைமையிலான குழு ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடவேளைகள் 231-ஐப் படம்பிடித்தது. 1999-ஆம் ஆண்டு ஆய்வில் நாடுகளின் எண்ணிக்கை ஏழானது. எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்று படிவம் கொடுத்துக் கேட்டால் எந்த ஆசிரியரும் நல்லபடியாகத்தான் எழுதித் தருவார் (நானும் அப்படித்தான் எழுதுவேன்). கேமராவிடம் அது செல்லாது.

பொதுப் பார்வைக்கு வெளியிடப்பட்ட ஜப்பானிய வகுப்பு ஒன்றைப் பயிற்சிக்கு வருவோருக்குத் திரையிடுவது என் வழக்கம். ஒரே அடிப்பக்கத்தின் மீது, ஒரே இணைகோடுகளுக்கு இடையே அமையும் முக்கோணங்கள் சம பரப்புடையவை என்பதை முதலில் நினைவூட்டிவிட்டு, ஆசிரியர் கணக்கைப் போடுகிறார். அடுத்தடுத்த இரண்டு நிலங்களுக்கு நடுவே உள்ள வரப்பு ஓரிடத்தில் மடங்கிச் செல்கிறது. இருவர் பங்கும் கூடாமல் குறையாமல் அதை நேராக்க வேண்டும். மாணவர்கள் முதலில் தனியாக யோசிக்கிறார்கள். பிறகு, விரும்பியவர்கள் நண்பர்களோடு பேசலாம், ஆசிரியரைக் கேட்கலாம், குறிப்பு அட்டைகளை எடுத்துப் பார்க்கலாம். வரப்பின் இரு முனைகளையும் கோட்டால் இணைத்து, மடங்கும் புள்ளி வழியே அதற்கு இணைகோடு வரைந்தால், அந்த இணைகோடு நிலத்தின் ஓரத்தைத் தொடும் இடத்துக்குப் புள்ளியை நகர்த்திவிடலாம். முக்கோணத்தின் பரப்பு மாறாது, வரப்பு நேராகிவிடும். இதை மாணவர்களே கரும்பலகைக்கு வந்து விளக்குகிறார்கள். அடுத்து, பரப்பு மாறாமல் நாற்கரத்தை முக்கோணமாக்கு என்று அதே கருத்து இன்னொரு கணக்காகத் தொடர்கிறது. மாணவர் திணறும்போது அந்த ஆசிரியர் சும்மா இருப்பதில்லை. மேசை மேசையாக நடந்து, யார் எந்த வழியில் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போகிறார். விடையை மட்டும் சொல்வதில்லை.

1999 ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த புள்ளிவிவரம் ஒன்று உண்டு. கருத்துகளுக்கிடையிலான தொடர்பை மாணவர் தாமே கண்டறியும்படி அமைந்த கணக்குகள் அமெரிக்க வகுப்புகளில் 17 விழுக்காடு, ஹாங்காங்கில் 13 விழுக்காடு, ஜப்பானில் 54 விழுக்காடு. அப்படிப்பட்ட கணக்குகளில், வகுப்பில் செய்து முடிக்கப்படும்வரை தம் இயல்பு கெடாமல் இருந்தவை ஜப்பானில் 48 விழுக்காடு, ஹாங்காங்கில் 46 விழுக்காடு. அமெரிக்காவில் கிட்டத்தட்டச் சுழியம். அதாவது, பாடநூல் கேட்ட கேள்வியை ஆசிரியர் இரக்கப்பட்டோ அவசரப்பட்டோ வெறும் வழிமுறைப் பயிற்சியாக மாற்றிவிடுகிறார், இல்லையேல் விடையையே சொல்லிவிடுகிறார். ஹாங்காங்கின் வகுப்புகளிலும் கணக்குகளில் பெரும்பாலானவை, தெரிந்த வழிமுறையை அப்படியே போட்டுப் பழகும் கணக்குகளே என்பதையும், அங்குள்ள மாணவர்கள் தேர்வில் முன்வரிசையில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'குழந்தை மையக் கல்வி', 'மரபுவழிக் கல்வி' என்று இரண்டு கட்சி கட்டி நாம் நடத்தும் பட்டிமன்றத்துக்கு இந்த ஆய்வில் இடமில்லை என்பது விளங்கும். கணக்கு எந்தக் கட்சியைச் சேர்ந்தது என்பதைவிட, மாணவர் பதில் தெரியாமல் விழிக்கும் அந்த அரை நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதே அதன் கதியை முடிவு செய்கிறது.

அந்த அரை நிமிடத்துக்கான பழக்கத்தை ஆசிரியர் பி.எட். படிப்பிலிருந்து கொண்டுவருவதில்லை. ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் ஏறக்குறைய 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று சிகாகோ சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975-லேயே எழுதினார். அத்தனை நீண்ட பழக்கத்தைச் சில நாள் பணியிடைப் பயிற்சியும் பவர்பாயின்ட்டும் அசைத்துவிடும் என்று நான் நம்பவில்லை.

ஜப்பானியப் பள்ளிகளில் வேரூன்றியிருக்கும் பாட ஆய்வு முறையை நான் மதிப்பது இதனால்தான். ஆசிரியர் குழு ஒன்று ஒரே ஒரு பாடவேளையைக் கூடித் திட்டமிடுகிறது. ஒருவர் நடத்த, மற்றவர்கள் அவரைவிட மாணவர்களின் நோட்டுகளையே கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். பிறகு உட்கார்ந்து பேசுகிறார்கள். திட்டம் எல்லோருடையது என்பதால் நடத்தியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை. 1999-க்குப் பிறகு இம்முறை அமெரிக்கா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று பல நாடுகளுக்குப் பரவியது. மாதக்கணக்கில் கூடித் திட்டமிடும் பகுதியை விட்டுவிட்டு, மாதிரி வகுப்பை மட்டும் விழாப்போல் நடத்தும் இடங்களில் அதனால் பெரிய பயன் இருக்காது என்பது என் கருத்து.

ஜப்பானிய ஆசிரியர்களின் பாடவேளைத் திட்டத் தாளில், இந்தக் கேள்விக்கு மாணவர்கள் என்னென்ன பதில் சொல்லக்கூடும், எந்தத் தவறான வழியில் போகக்கூடும், அப்போது ஆசிரியர் என்ன கேட்க வேண்டும் என்று எழுதுவதற்குத் தனிப் பத்தியே இருக்கிறது. நம் ஊரில் நான் பார்த்துக் கையொப்பமிடும் பாடக்குறிப்பேடுகளில் நோக்கம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு எல்லாம் இருக்கின்றன. மாணவர் சொல்லப்போகும் தவறான பதிலுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் பிற்பகல் ஒன்றை ஒதுக்கி, நான்கு கணித ஆசிரியர்கள் ஒரே ஒரு கணக்குக்கு அந்தக் கட்டத்தை மட்டும் நிரப்பிப் பார்க்க அரசாணை எதுவும் தேவைப்படாது.