பழி கார்பரேட்டர் மேல், பிழை பிளாட்டினத்தில்

1965 மாரிஸ் மைனர் கார் என் கைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. 1098 சிசி இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் எஸ்.யு. கார்பரேட்டர் ஒரே ஒன்று. ஆயிலும் ஃபில்டரும் முதல் வாரமே மாற்றியாயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. தலைவலி போன மாதம் வந்தது. நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடும் இன்ஜின், மேடு ஏறினால் விக்கியது.

எடுத்த எடுப்பிலேயே கார்பரேட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். அதன் தலையில் உள்ள டாஷ்பாட் என்ற கூட்டில் ஆயில் ஊற்றினேன். பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் நட்டைக் கொஞ்சம் ஏற்றினேன், இறக்கினேன். இரண்டு ஞாயிறு இப்படியே போனது. விக்கல் நிற்கவில்லை, நன்றாக இருந்த ஐடிலிங்கும் கெட்டது.

அப்புறம்தான், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி வரவைக்கும் சின்ன சுவிட்சைத்தான் பிளாட்டினம் என்கிறோம், அதன் முனை உண்மையில் டங்ஸ்டன். அதில் ஒரு பக்கம் சின்ன மரு, எதிர்ப்பக்கம் அதே அளவில் குழி. இப்படி இருந்தால் அந்த முனை கருகாமல் காக்கும் கண்டென்சரையும் பார்க்க வேண்டும் என்று படித்திருந்ததால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். பழைய பிளாட்டினத்தின் இடைவெளியில், அளக்கும் தகடான ஃபீலர் 0.009 இஞ்ச்சே முக்கித்தான் நுழைந்தது. இருக்க வேண்டியது 0.014 முதல் 0.016 வரை.

இடைவெளி வைப்பதுதான் பொறுமையைக் கேட்கும் வேலை. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையாலேயே சுற்றலாம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் நான்கு புடைப்புகள் உண்டு. பிளாட்டினத்தைத் தள்ளித் திறக்கும் அதன் குதி அதில் ஒரு புடைப்பின் உச்சியில் ஏறி நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். கனமான புத்தகத்தின் அடியிலிருந்து தாளை உருவுவது போல ஃபீலர் லேசாகப் பிடித்து வர வேண்டும். வந்தது. ஆனால் ஸ்க்ரூவை இறுக்கியதும் இடைவெளி மாறிவிட்டது! நான்காவது தடவைதான் 0.015 நின்றது.

இடைவெளி மாறினால் தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் மாறும். குதி தேயத் தேய இடைவெளி குறைந்து தீப்பொறி தாமதமாக விழும். மேட்டில் இழுவை குறைந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதனால் சின்ன பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரின் ஒயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே கட்டி, சாவியைப் போட்டு, பிளாட்டினம் திறந்து பல்பு எரியும் நொடியை இன்ஜின் புல்லியில் உள்ள குறியோடு பொருத்தினேன்.

கடைசியாக, நான் கெடுத்து வைத்த மிக்சர். கார்பரேட்டர் பிஸ்டனைத் துளி தூக்கினால் வேகம் ஒரு கணம் ஏறி அடங்க வேண்டும். ஏறியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. அரை மணி நேரத்தில் பிடிபட்டது. அன்று மாலை அதே மேட்டில் ஒரு விக்கல் இல்லை. உச்சியில் வண்டியை நிறுத்திவிட்டு ஐடிலிங் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

முன்சக்கரத்தைத் தாங்கும் மரையுள்ள இணைப்பான டிரன்னியனுக்கும் ஜாக்கி வைத்து, பழைய கறுப்பு கிரீஸ் முழுதாக வெளியே வரும்வரை புது கிரீஸ் அடித்துவிட்டேன். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள். காய்ந்து மரை தேய்ந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

அடுத்த ஞாயிறு டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.012 இஞ்ச். எட்டாவது வால்வு முழுதாகத் திறந்தால் முதலாவதை அளக்க வேண்டும், ஏழாவது திறந்தால் இரண்டாவதை, இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒன்பது. வால்வுகளின் மேல்மூடியான ராக்கர் கவருக்குப் புது கேஸ்கெட் வாங்கி வைத்துவிட்டேன்.