சாவியை மறந்த நாள்

ஜனவரி 6
தேதி பார்த்துத்தான் இந்தக் கதையை எடுத்தேன். ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே 18 தீவுகள், ஃபாரோ என்று பெயர். அங்கே இன்று ராத்திரி கடல்நாய்கள் கரையேறி, தோலைக் கழற்றி வைத்துவிட்டு, மனிதர்களாக மாறி ஆடுமாம். தாமாகவே கடலில் விழுந்து செத்தவர்கள்தான் கடல்நாய் ஆனார்கள் என்கிறது கதை. அதைச் சின்னவளிடம் சொல்லவில்லை.
“நாய்னா குலைக்குமாப்பா?” என்றாள். மீசை உண்டு, கால்கள்தான் துடுப்பு என்று விளக்குவதற்குள் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 7
கல்சோய் தீவில் மிக்லடாலுர் என்று ஓர் ஊர். அந்த ஊர் இளைஞன் ஒருவன் ஒளிந்திருந்து, ஒரு பெண்ணின் தோலை எடுத்துக்கொள்கிறான். தோல் இல்லாமல் அவள் கடலுக்குத் திரும்ப முடியாது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொள்கிறான். பிறகு கல்யாணம், பிள்ளைகள். கல்யாணம் என்பது கதையின் சொல். என் வாயில் வேறு சொல்தான் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.
ஒருநாள் நடுக்கடலில் மீன் பிடிக்கும்போது இடுப்பைத் தடவுகிறான். சாவி இல்லை. துடுப்பு வலித்து வீடு வந்து சேர்ந்தால் பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுப்பு அணைந்திருக்கிறது. கத்திகளையெல்லாம் எடுத்துப் பூட்டியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே!
இதற்கு மேல் படிக்க ஓடவில்லை. தோல் கைக்கு வந்துவிட்டது, அவன் எந்த நிமிஷமும் வரலாம். அப்போதும் நின்று அடுப்பை அணைத்திருக்கிறாள். நான் பக்கத்துத் தெருவுக்குப் போனாலே கேஸைத் திருகினேனா என்று திரும்பி வருகிற ஆள்.

ஜனவரி 8
சின்னவளுக்குக் காய்ச்சல். கதை இல்லை.

ஜனவரி 10
மீதியை நான் மட்டும் படித்தேன். ஊரார் கடல்நாய் வேட்டைக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு அவள் அவன் கனவில் வருகிறாள். குகை வாசலில் படுத்திருப்பவன் என் புருஷன், உள்ளே இருக்கும் குட்டிகள் இரண்டும் என் பிள்ளைகள், விட்டுவிடுங்கள் என்கிறாள். அந்தத் தீவுகளில் கடல்நாய்கள் நிஜமாகவே குகைகளில்தான் குட்டி போடும். அவன் காதில் வாங்கவில்லை. அவன் பங்குக்குக் கிடைத்தது வாசலில் படுத்திருந்த பெரிய கடல்நாயும் குட்டிகளின் துடுப்புகளும். அதன் தலையும் அந்தத் துடுப்புகளும் வெந்துகொண்டிருக்கையில் பேயுருவில் வந்து சாபமிடுகிறாள்: இந்த ஊர் ஆண்கள் கடலில் மூழ்கியும் பாறையிலிருந்து விழுந்தும் சாவார்கள், செத்தவர்கள் கைகோத்தால் தீவையே சுற்றிவரும் அளவுக்கு.
மீன்பிடி ஒன்று, செங்குத்துப் பாறையில் இறங்கிப் பறவை பிடிப்பது ஒன்று. அந்தக் காலத்தில் அங்கே பிழைப்புக்கு இவையும் வேண்டியிருந்தன. ஊரில் விழுந்த சாவுகளுக்கெல்லாம் இந்தக் கதையில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 13
காய்ச்சல் விட்டது. மிக்லடாலுர் கடற்கரையில் நிற்கும் அந்தக் கடல்நாய்ப் பெண்ணின் சிலையைப் படத்தில் காட்டினேன். 2014 ஆகஸ்ட் 1 அன்று வைத்தது, 2.6 மீட்டர் உயரம், வெண்கலமும் எஃகும். அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே 11.5 மீட்டர் அலை ஒன்று மேலே ஏறிப் போயிருக்கிறது, அசையவில்லை.
சின்னவள் அலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “தோலைக் கையிலயே வச்சிருக்காளே, ஏன் போட்டுக்கலை?”
தெரியவில்லையே என்றேன்.
“அடுப்ப அணைச்சோமான்னு யோசிக்கிறாளோ?”