ஓட்டை போட்ட சிப்பிகளின் ஊர்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நாங்கள் இருக்கும் டேவன்போர்ட்டிலிருந்து ஆற்றங்கரையோரமாகவே முக்கால் மணி நேரம் காரில் போனால் மஸ்கட்டீன் வரும். இந்தப் பக்கத்தில் மேற்கே பார்த்து ஓடும் மிசிசிப்பி அந்த ஊரில்தான் சட்டென்று தெற்கே திரும்புகிறது. 24,000 பேருக்கும் குறைவாக வாழும் சின்ன ஊர். பெட்ரோல் போட நிறுத்தியதைத் தவிர அங்கே இறங்கிப் பார்த்ததே இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, வேறு வேலை இல்லாததால் போனோம். பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் கூடை நிறைய உடைசல் கிடந்தது. என் மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பூரி மாவைத் தேய்ச்சு டம்ளரால வட்டம் வட்டமா வெட்டி எடுத்த மிச்சம் மாதிரி இருக்கு" என்றாள்.

அதேதான். மாவுக்குப் பதில் ஆற்றுச்சிப்பி, பூரிக்குப் பதில் சட்டை பட்டன்.

1905இல் இந்த ஊர் ஒரே வருஷத்தில் 150 கோடி பட்டன் செய்திருக்கிறது. உலகத்தில் அப்போது செய்யப்பட்ட பட்டன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இங்கேயிருந்துதான் போயிருக்கிறது என்கிறார்கள். உலகின் முத்துப் பட்டன் தலைநகர் என்று பேர். முத்துக்கும் பட்டனுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, சிப்பியின் உள்பக்கப் பளபளப்பு முத்து மாதிரி இருப்பதால் வந்த பேர்.

ஆரம்பித்து வைத்தவர் ஜான் போப்பிள் என்ற ஜெர்மன்காரர், ஹாம்பர்க் பக்கம், குலத்தொழில் மாதிரி பட்டன் கடைவது. 1887இல் அமெரிக்கா வந்தார். ஏதோ ஓர் ஆற்றில் குளிக்கப்போனபோது காலைச் சிப்பி கிழித்தது, குனிந்து பார்த்தால் தேடிக்கொண்டிருந்த சரக்கு காலடியிலேயே கிடந்தது என்று ஒரு கதை உண்டு. எவ்வளவு நிஜமோ. 1890இல் அரசாங்கம் இறக்குமதிப் பட்டனுக்கு வரியை ஏற்றியது, 1891இல் இவர் மஸ்கட்டீனில் பட்டறை போட்டார். கால்தடம் காய்வதற்குள் ஊரில் எல்லாரும் பட்டன் தொழிலுக்கு வந்துவிட்டார்கள். மெஷின்கள் வந்தன, கையால் கடைவதையே பெரிதாக நினைத்த மனிதர் ஓரங்கட்டப்பட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சிப்பி பிடிக்கும் முறை. படகிலிருந்து ஒரு நீளமான கம்பியை ஆற்றின் அடியில் இழுத்துக்கொண்டே போவார்கள். அதில் வரிசையாகக் கயிறுகள், கயிறுகளில் காக்காய்க்கால் மாதிரி விரிந்த கொக்கிகள். சிப்பி அடியில் லேசாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். கொக்கி உள்ளே பட்டதும், ஏதோ ஆபத்து என்று இறுக்கி மூடிக்கொள்ளும். அவ்வளவுதான், அப்படியே தொங்கிக்கொண்டு மேலே வந்துவிடும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்த ஒரே வித்தையே அதைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது. படகை இழுக்க மோட்டாரும் வேண்டாம், தண்ணீருக்கு அடியில் ஒரு பாய் விரித்துக் கட்டிவிட்டால் நீரோட்டமே இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பாய்க்கு அவர்கள் வைத்த பேர் கோவேறு கழுதை!

பிடித்ததைக் கரையிலேயே தொட்டியில் போட்டு ஆவியில் வேகவைப்பார்கள். வாய் திறந்ததும் சதையை விரலால் துழாவி முத்து ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் அன்றைக்கு லாட்டரி. மிச்சச் சதை பன்றிக்கு. கோடைக்காலத்தில் அந்தக் கரை எப்படி நாறியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓடுகளைப் பல நாள் தண்ணீரில் ஊறவைத்து, குழாய் வடிவ ரம்பத்தால் வட்டவட்டமாக வெட்டி, தேய்த்து, துளை போட்டு, மெருகேற்றி, கடைசியில் அட்டையில் வரிசையாகத் தைக்க வேண்டும். அந்தத் தையல் வேலை வீடுகளுக்கு வந்துவிடும். ராத்திரி சாப்பாட்டு மேசையைச் சுற்றி அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்து தைப்பார்கள்.

கூலி எண்ணிக்கைக்கு. 144 கொண்டது ஒரு குரோஸ். ஆனால் அதற்கு மேலேயே எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு குரோஸுக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள் என்பது வெட்டுகிறவர்களின் பெரிய மனக்குறை. சங்கம் வைத்தார்கள், 1911இல் முதலாளிகள் ஆலைகளை மூடினார்கள், கவர்னர் பட்டாளத்தை அனுப்பினார், அடுத்த வருஷம் வரை இழுத்துத் தொழிலாளர்கள் தோற்றார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் பேர்ல் மெக்கில் என்ற பதின்ம வயதுப் பெண் ஒருத்தி. பேர்ல் என்றாலே முத்துதான். அங்கிருந்து மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்து நெசவாலை வேலைநிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறாள்.

சரி, ஆறு எவ்வளவு நாள் தாங்கும்? சிப்பிப் படுகைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஊருக்குச் சற்று மேலே ஃபேர்போர்ட்டில் அரசாங்கமே ஓர் உயிரியல் ஆய்வு நிலையம் அமைத்துச் சிப்பி வளர்க்கப் பார்த்தது. இந்தச் சிப்பிகளின் குஞ்சுகள் மீனின் செவுளில் சில வாரம் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் பிழைக்கும். ஒருவகைத் தாய்ச்சிப்பி தன் சதையின் விளிம்பையே சின்ன மீன் மாதிரி ஆட்டிக்காட்டிப் பெரிய மீனைக் கிட்டே வரவைத்து, முகத்திலேயே குஞ்சுகளைப் பீய்ச்சி அடிக்கும். ஆகவே விஞ்ஞானிகள் மீன்களைப் பிடித்து, செவுளில் குஞ்சுகளை ஏற்றி, ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். போப்பிளும் கடைசியில் இந்த வேலைக்குத்தான் வந்து சேர்ந்தார். சிப்பிப் படுகை தேடிப்போன இடத்தில் மறுபடி காலில் வெட்டு, ரத்தத்தில் விஷம் ஏறி 1912இல் செத்துப்போனார். முதல் வெட்டு கட்டுக்கதையாகவே இருக்கட்டும், இரண்டாவது நிஜம்.

சிப்பி வளர்ப்பு பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அப்புறம் ஜிப் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, சிப்பிப் பட்டன் தாங்காத வாஷிங்மெஷின் வந்தது. சில கம்பெனிகள் பிளாஸ்டிக் பட்டனுக்கு மாறிப் பிழைத்தன. சிப்பிக்கும் ஜப்பானில் ஒரு மறுபிறவி: மிசிசிப்பிச் சிப்பியை உருட்டி மணியாக்கி, அதை அங்கே கடல் சிப்பிக்குள் வைத்து முத்து வளர்த்தார்கள். முத்துக்கு நடுவில் மிசிசிப்பி!

பட்டனை விட்டால் ஊரில் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். அலெக்ஸாண்டர் கிளார்க் என்ற கறுப்பினத்தவர் இங்கே சலூன் வைத்திருந்தார், நீராவிப் படகுகளுக்கு விறகு விற்றார். தன் மகள் சூசனை வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது வழக்குப் போட்டார். 1868இல் ஐயோவா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுவதற்கும் அப்படி ஒரு தீர்ப்பு வர 1954 ஆனது. கிளார்க்கின் வீட்டை இடிக்காமல் பெயர்த்துத் தள்ளிவைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், இன்று ஊரில் ஒரு பள்ளிக்கு சூசனின் பேர். எனக்கென்னவோ பட்டனைவிட இதைத்தான் ஊர் எல்லையில் பலகை வைத்துப் பெருமைப்பட வேண்டும் என்று தோன்றுகிறது. அப்புறம் 1985இல் விவசாயம் பார்க்க வந்த சீனக் குழுவில் ஒருவராக, பின்னாளில் சீன அதிபரான ஷி ஜின்பிங் இங்கே ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார், 2012இல் பழைய நண்பர்களைப் பார்க்கத் திரும்பவும் வந்தார். இவ்வளவையும் தாண்டி, ஊரைச் சுற்றியிருக்கிறவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது முலாம்பழம்தான். தெற்கே மணல்பாங்கான நிலம், அதில் விளைகிற முலாம்பழத்துக்கும் தர்பூசணிக்கும் மஸ்கட்டீன் பழம் என்றே பேர். நாங்கள் போனது சீசன் முடிந்த பிறகு.

கூடையிலிருந்து ஒரு சிப்பியை வாங்கி வந்து சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறோம். ஏழு ஓட்டை. எட்டாவது ஓரத்தில் ஆரம்பித்துப் பாதி வட்டத்தோடு நிற்கிறது, அந்த இடத்தில் ஓடு விரிசல் விட்டிருக்கிறது. அதற்குக் கூலி கொடுத்திருக்க மாட்டார்கள்.