சாட்டிஸ்ஃபை என்றால் திருப்தி மட்டும்தானா?

சாட்டிஸ்ஃபை என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குத் ‘திருப்திப்படுத்து’ என்று ஒரே பொருளை மனப்பாடம் செய்துவிட்டு எல்லா இடத்திலும் அதையே போட்டுப் பார்க்கிறோம், அதனால்தான் பல வாக்கியங்கள் ஒட்டாமல் நிற்கின்றன. இதன் வேர் லத்தீன். சாட்டிஸ் என்றால் போதுமான அளவு, ஃபாகெரே என்றால் செய்தல். அதாவது ‘போதும்’ என்கிற நிலைக்குக் கொண்டுவருவது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

எக்ஸின் மதிப்பு 2 என்பது, எக்ஸ் கூட்டல் 3 சமம் 5 என்ற சமன்பாட்டை சாட்டிஸ்ஃபை செய்கிறது என்கிறோமே, அங்கே மனதுக்கு வேலையே இல்லை, மதிப்பு பொருந்துகிறது, அவ்வளவுதான். நிபந்தனை என்றால் பூர்த்தி செய்வது, கடன் என்றால் தீர்ப்பது, பசி என்றால் ஆற்றுவது. தமிழ் எவ்வளவு அழகாக ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது, பாருங்கள்! நீதிபதி சாட்டிஸ்ஃபைட் தட் என்று எழுதினால் அவர் மகிழ்ந்தார் என்று பொருள் இல்லை; சான்றுகளைப் பார்த்து, இது உண்மைதான் என்று உறுதியாக நம்பினார் என்று பொருள்.

அப்புறம், ஒரு பொருளிலோ வேலையிலோ திருப்தி என்றால் சாட்டிஸ்ஃபைட் வித்.

நிறைய பேர் குழம்பும் இடம் இன்னொன்று: சாட்டிஸ்ஃபையிங் என்றால் மனநிறைவு தருவது, சாட்டிஸ்ஃபாக்டரி என்றால் குறை சொல்ல முடியாத அளவுக்குப் பரவாயில்லை. பிரமாதமாக வேலை செய்தவரைப் பாராட்ட நினைத்து இரண்டாவதை எழுதிவிடாதீர்கள், அவர் மனம் வாடிவிடும்.