செவ்வாய் வரை

ஜூன் 11, செவ்வாய்

இன்றும் பயாப்சி ரிசல்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை கூப்பிடுவார்களாம்.

ஜூன் 12, புதன்

சிங்கப்பூரிலிருந்து அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். அம்மாவுக்கு எழுபது நிறைகிறது, பங்களாவுக்குக் கட்டிய பணம் திரும்ப வராது, எனக்கு லீவு கிடைக்கவில்லை, நீயாவது கூட்டிக்கொண்டு போ என்றார். ஜனவரியிலேயே பதிந்துவிட்டாராம். ஜனவரியில் எனக்கு ஒன்றுமில்லை. அதைச் சொல்லவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளி முதல் செவ்வாய் வரை நான்கு இரவு. திங்கள் ஹஜ்ஜுப் பெருநாள்.

இடது பக்கம் ஊதா போய் மஞ்சள் வந்துவிட்டது. குளிக்கும்போது அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

ஜூன் 13, வியாழன்

தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து படித்தேன். எடுத்த சதையை முதலில் ஃபார்மலினில் போடுகிறார்கள். கெட்டுப்போகாமல் அது இறுகும். அப்புறம் அதிலுள்ள நீரையெல்லாம் வாங்கிவிட்டு மெழுகில் புதைக்கிறார்கள். அந்த மெழுகுக் கட்டியை மூன்று, நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றுகிறார்கள். உயிரணுவின் கரு நீலமாகவும் சுற்றியிருப்பது இளஞ்சிவப்பாகவும் தெரியும். பிறகு ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டும். சர்க்கரை அளவு மாதிரி இயந்திரம் சொல்லிவிடுகிற எண் இல்லை இது. முகம் தெரியாத அந்த ஒருவர் முந்தின நாள் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

சீவுவது என்று படித்த இடத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலாகப் போனால் பால் இறங்காது. பட்டையில் மெல்லிய ஒரு சீவல்தான் விழ வேண்டும் என்பார். இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், அவர் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

சதை எடுத்த அன்றைக்கு அந்தச் சின்ன டப்பாவின் மூடியைத் திறந்தபோது மூக்கில் ஏறிய நெடி எனக்குப் புதிதாக இல்லை. ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்களே, அதற்குப் பங்காளி நெடி. பள்ளிவிட்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டால் அவர் சேலையில் இருக்கும்.

ஜூன் 14, வெள்ளி

பினாங்குப் பாலத்தில் கூட்டம். பதின்மூன்றரை கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். அப்புறம் பாயா தெருபோங் பக்கம் ஏறி, மலையைச் சுற்றிச் சுற்றி பாலிக் புலாவ். அம்மா முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவிலும் அதைத்தான் பிடித்தார், கைப்பிடியைப் பிடிக்கவில்லை.

வழியில் ஒரு பழக்கடையில் ஜாதிக்காய்த் தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். நாலு பத்துக்கு ஃபோன். கூடுதலாக ஒரு சாயம் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். விடுமுறை வருகிறது, ஆகவே செவ்வாய் காலை எட்டரைக்குக் கவுன்டர் திறந்ததும் நான் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமாம். அந்தப் பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். ஏன் கூடுதல் சாயம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“யாரு பாப்பா?”

“ஆபீஸ்மா.”

பங்களா வாசலில் பித்தளைப் பலகை. அதில் எஸ்டேட் என்ற சொல். படித்ததும் நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. எனக்கு எஸ்டேட் என்றால் லயம், ஆயாக்கொட்டகை, விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அடிக்கும் மணி. அம்மா உள்ளே வரத் தயங்குவார், ஓரமாக நிற்பார் என்று வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். அவர் செருப்பைக் கழற்றிப் படியோரம் வைத்தார், நேரே வராந்தாவுக்குப் போனார், கை நீண்ட அந்தப் பெரிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், சேலையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் கைகள்மேல் போட்டுக்கொண்டார்.

“இதுக்குத்தான் கை இவ்வளவு நீளம். துரை இப்படிக் கால வப்பாரு, பையன் வந்து பூட்ஸ் கழட்டுவான்.”

அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வலது கையில்.

ராத்திரி பையிலிருந்து நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வைத்தார். வெள்ளிக்கிழமையாச்சே, தலைக்கு வைக்கலாமா என்றார். நேரமாகிவிட்டது என்றேன். முழுக்கவே தேய்த்துவிடுவார், தோள், முதுகு, எல்லாம்.

“சரி, அப்ப செவ்வாக்கிழமை.”

எனக்கு எல்லாமே செவ்வாய்க்கிழமையில் வந்து நிற்கிறது.

ஜூன் 15, சனி

நாலரைக்கு விளக்கைப் போட்டுவிட்டார். வேலையை விட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, உடம்பு இன்னும் பெரட்டுக்குத்தான் எழுகிறது. குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏற நின்றுபோகும், அதனால் விடியும் முன்னே நிரைக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்துக்கே எழுந்து எழுந்து இப்போது எழுபதிலும் தூக்கம் நாலரையோடு சரி.

“ராத்திரி பதினொன்னு விழுந்துச்சு.”

டுரியானைச் சொல்கிறார். பங்களாவுக்குப் பின்னால் சரிவு முழுக்க டுரியான். பழுத்தால் தானே விழும், பெரும்பாலும் ராத்திரியில். அம்மா இருட்டில் படுத்தபடி எண்ணியிருக்கிறார். நானும் கேட்டேன். ஆனால் நான் எண்ணவில்லை, ஒவ்வொன்றுக்கும் திடுக்கிட்டேன்.

இன்று முழுக்க அம்மா எனக்கு வீட்டைக் காட்டினார். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி துரை பங்களாவில் துணி வெளுத்தபோது அம்மாவுக்குப் பதினான்கு வயது, கூடமாட வேலை. செங்கல் தூண்மேல் வீட்டைத் தூக்கிக் கட்டியிருப்பது அடியில் காற்று ஓட. சமையல்கட்டு தனியாகப் பின்னால் நிற்பது தீப் பிடித்தாலும் வீடு தப்ப. நடுவில் கூரை போட்ட நடைபாதை, மழையில் சாப்பாடு நனையாமல் வர. ஜன்னலில் சாய்த்து அடித்த பலகைகளை விரலால் நெம்பி, “மூடியிருக்கும், ஆனா காத்து வரும்” என்றார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை. வீட்டுக்காரியின் பெருமை என்றே எனக்குப் பட்டது.

குளியலறையில் நின்றுவிட்டார். சிங்கப்பாதம் வைத்த வெள்ளைத் தொட்டி, மடித்த துண்டுகள், சுவரில் முட்டி உயரத்துக்கு மேல் கொஞ்சம் ஒரு சின்னக் கதவு. பூட்டி, மேலே வெள்ளைச் சாயம் அடித்து, அதன் முன்னால் ஒரு பூச்சட்டி. நான் அதை அலமாரி என்று நினைத்திருந்தேன்.

“இது அள்ளுற ஆளு வர்ற கதவு. பின்பக்கமா ஏணிப்படி ஏறி வருவாரு, வாளிய எடுத்துக்கிட்டு அப்படியே எறங்கிப் போயிருவாரு. எங்க தோட்டத்துல அவரு பேரு எங்க எல்லாருக்கும் தெரியும். துரைசாணிக்குத் தெரியாது. மூஞ்சியப் பாத்ததே கெடையாது.”

பூச்சட்டியை ஒரு சாண் நகர்த்தி வைத்தார். கதவு முழுதாகத் தெரிகிறது இப்போது. அறை சுத்தம் செய்ய வந்த பையன் திரும்ப மறைத்து வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் நான் நகர்த்தினேன்.

ஜூன் 16, ஞாயிறு

கூடுதல் சாயம். ஒன்றுமில்லை என்றால் எதற்குக் கூடுதலாக இன்னொன்று? ஏதோ தெரிந்திருக்கிறது, உறுதிப்படுத்தத்தான் போடுகிறார்கள். இல்லை, ஒன்றும் தெரியாததால்தான் போடுகிறார்கள். சில அணுக்கள் இரண்டுங்கெட்டானாக இருக்கும், எந்தப் பக்கம் என்று பிரிக்கத்தான் அது என்று ஓரிடத்தில் படித்தேன். காலையிலிருந்து இந்த மூன்றுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பின்படிக்கட்டில் மூன்றாவது படியில்தான் லைன் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தும் அங்கே போய் நின்றேன்.

கீழே தந்தையர் தினத்துக்கு ஒரு குடும்பம் கேக் வெட்டியது. அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

மத்தியானம் அம்மாவைக் காணோம். தேடிப் போனால் தோட்டக்காரப் பெரியவரோடு ஜாதிக்காய் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஆட்கள் சந்தித்தால் முதல் கேள்வி வேறென்ன, “நீங்க எந்தத் தோட்டம்?”

“நிபோங் திபால்.”

“தொண்ணூத்தொம்பது கதவு பங்களா இருக்கே, அந்தப் பக்கமா?”

“அதுக்கு ரெண்டு மைலு தள்ளி.”

அவ்வளவுதான், உறவாகிவிட்டார்கள். அவர் ஒரு காயைப் பிளந்து என் கையில் வைத்தார். வெளிர்மஞ்சள் சதைக்குள் கரும்பழுப்புக் கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை போட்ட மாதிரி ஜாதிபத்திரி. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கையை மூடிக்கொண்டேன். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினிக்காரர்கள் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கொண்டுவந்த மரம் இது. ஜாதிக்காயில் பணம் கொழித்த பினாங்கில் 1860-ஐ ஒட்டி நோய் விழுந்து தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போயின. பெரியவர் அதையெல்லாம் சொல்லவில்லை. அவர் சொன்னது, மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. நட்டு, உரம் போட்டு, ஆறேழு வருடம் வளர்த்து, பூத்த பிறகுதான் எது எது என்று தெரியும்.

“அதுவரைக்கும் என்னங்க பண்ணுவீங்க?” என்றேன்.

“தண்ணி ஊத்துவோம்மா.”

அப்புறம் பேச்சு கப்பலுக்குப் போனது. குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு, வேலை பெர்மிட் இல்லை, 1970-இல் பெரியம்மா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனது. பெரியவருடைய அண்ணனும் அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்தான். பெரியம்மா கப்பலேறும்போது தகரப்பெட்டியில் என்ன வைத்திருந்தார் என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு சேலை, ஒரு மைலோ டின், மரம் சீவும் உளி. இந்தியாவில் பால்மரமே இல்லாத ஊருக்கு உளி எதற்கு என்று தாத்தா கேட்டாராம். பெரியம்மா பதில் சொல்லாமல் பெட்டியை மூடிவிட்டாராம்.

நாற்பத்தைந்து வயதுவரை இதை எனக்கு அம்மா சொன்னதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

ராத்திரி ஏழு விழுந்தது. நானும் எண்ணினேன்.

ஜூன் 17, திங்கள்

மலாய்க் கம்பத்துப் பள்ளிவாசலிலிருந்து விடியற்காலையில் தக்பீர் முழக்கம். மலைக்கு மோதித் திரும்பி வருகிறது. எழுந்து உட்கார்ந்து கேட்டோம், இருவரும் ஒன்றும் பேசவில்லை. மனசு கொஞ்ச நேரம் அடங்கியிருந்தது.

பிறகு மழை. நாள் முழுக்க மழை. பங்களா வேலைக்காரப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரெண்டாங் கறியை அம்மாவுக்கு ஒரு தட்டு கொடுத்தார்கள். அம்மா முறுக்கு டின்னைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த நான்கு நாளும் ஓய்வுதான். சாப்பாடு வருகிறது, படுக்கை விரிக்கிறார்கள், ஜன்னலைத் திறந்தால் ஈரமண்ணும் ஜாதி இலையும் மணக்கிறது. அண்ணன் நல்ல இடம்தான் பார்த்திருக்கிறார். அவருக்குப் படம் அனுப்பினேன், அம்மா சாய்வு நாற்காலியில். நீ எங்கே என்று கேட்டார். நான்தான் எடுத்தேன் என்று போட்டேன்.

சாயங்காலம் துணி மடித்து வைக்கும்போது அம்மா பெரிய பையை அலமாரிமேல் தூக்கி வைத்தார். நான் எழுவதற்குள் வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. வந்ததிலிருந்து எல்லாப் பையையும் அவர்தான் தூக்குகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்து மணி. ஒன்றும் விழவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்னவோ.

ஜூன் 18, செவ்வாய்

நாலே முக்கால். மழை விட்டிருக்கிறது. எட்டரைக்கு இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம். எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, அடையாளக் கார்டு எண்ணையும் கீழே எழுதி, கைப்பேசிக்கு அடியில் வைத்திருக்கிறேன். மூன்றாவது படி ஈரமாக இருக்கும், துண்டு ஒன்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி: கூடுதல் சாயத்தில் என்ன தெரிந்தது? இரண்டாவது: அடுத்து எப்போது வர வேண்டும்? மூன்றாவது எழுதினேன், அடித்துவிட்டேன்.

அம்மா கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, அதற்குள் எண்ணெய்க் கோப்பையை இறக்கி வைத்திருக்கிறார். நாலு மிளகு தட்டிப் போட்டிருக்கிறார். ஊரிலிருந்தே மிளகை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருக்கிறார். அறை முழுக்க நல்லெண்ணெய் வாசம். விரலை நனைத்துத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்க்கிறார், பிள்ளைக்குப் பால் பார்க்கிற மாதிரி.

குளியலறை விளக்கைப் போட்டுவிட்டார். முக்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது.

“வா பாப்பா. சட்டையக் கழட்டிட்டு வந்து உக்காரு.”