தீவில் ஒரே ஒரு கிணறு

மே 3, சனி

அக்கா மகள் வந்து நான்கு நாளாகிறது. விடுமுறை. பதினொரு வயது. வந்த அன்றே பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு தீவை வரைந்துவிட்டாள். வடக்கே மலை, தெற்கே படகுத்துறை, மேற்கு முனையில் கலங்கரை விளக்கம். நடுவில் ஒரு புள்ளி. அதைப் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தாளே ஓட்டையாகிவிட்டது.

"இது என்ன?"

"கிணறு, சித்தி. தீவுல நல்ல தண்ணி இங்க மட்டும்தான்."

அடுத்து டிராகன் வரும், மந்திரவாதி வருவான் என்று காத்திருந்தேன். வரவில்லை. "நூறு பேர் இருக்காங்க. யாரு முதல்ல எடுக்கறது?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதானே பெரியவர்கள் இத்தனை நூற்றாண்டாக அடித்துக்கொள்கிறோம்.

இங்கிலாந்தின் பிராண்ட்டே வீட்டுப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். 1826-இல் அப்பா பையனுக்கென்று 12 மர சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். அக்கா தங்கைகளும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, பெயர் வைத்து, அவற்றுக்கு ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டார்கள். பொம்மைகள் படிக்க வேண்டுமே என்று தீப்பெட்டி அளவில் பத்திரிகை வேறு, கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய எழுத்தில். அந்த மூன்று பெண்களும் பின்னாளில் நாவலாசிரியைகள் ஆனார்கள் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தீப்பெட்டிப் பத்திரிகை. பொம்மை நாடாக இருந்தாலும் செய்தி வேண்டும் என்று குழந்தைகளுக்குத் தோன்றியிருக்கிறது.

மே 4, ஞாயிறு

ஞாயிறு என்றால் அண்ணனின் போன். முதல் ஐந்து நிமிடம் உடம்பு, மழை, அம்மாவின் முழங்கால். ஆறாவது நிமிடம் அரசியல்.

அவன் கட்சி எளிமையானது. கறாரான ஒரே ஆள், அவர் கையில் எல்லாம். "சபை, குழு, விவாதம் எல்லாம் வெட்டி. பேசிப் பேசியே நாசமாப் போறோம்." நான் வழக்கம்போல ஆதாரங்களை எடுத்து வீசினேன். அவன் வழக்கம்போல குனிந்துகொண்டான். நாற்பது நிமிடம். கடைசியில் "நீ மாறவே மாட்ட" என்றான். "நீ மட்டும்?" என்றேன். போனை வைத்தபோது காது கொதித்தது.

ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் என்று இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள். 49 களச் சோதனைகளைச் சேர்த்து 2018-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். பொதுத்தேர்தல் நேரத்தில் வீட்டுக்கு வந்து பேசுவது, கடிதம், போன், விளம்பரம் இவையெல்லாம் ஒருவர் யாருக்கு வாக்களிப்பது என்ற முடிவை எவ்வளவு மாற்றுகின்றன? சராசரியாகப் பூஜ்யம்.

அண்ணனிடம் என் சராசரியும் அதேதான்.

மே 6, செவ்வாய்

"அந்த மலை எதுக்கு?" என்று கேட்டேன். "மலை இல்லன்னா மழை எப்படி வரும், மழை இல்லன்னா கிணத்துல தண்ணி எப்படி வரும்?" என்றாள். ஆக, மலையை அழகுக்கு வைக்கவில்லை. கிணற்றுக்காக வைத்திருக்கிறாள்.

ஜேம்ஸ் ரென்னல் என்ற புவியியலாளரும் இப்படித்தான் ஒரு மலை வைத்தார், நிஜ உலகத்தின் வரைபடத்திலேயே. 1798-இல் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் குறுக்கே 'காங் மலைகள்' என்று ஒரு நெடுந்தொடரை வரைந்தார். நைஜர் ஆறு எப்படி ஓடுகிறது என்று அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. அந்த விளக்கத்துக்குத் தோதாக ஒரு மலை தேவைப்பட்டது. அடுத்து வந்தவர்கள் அவரைப் பார்த்து வரைந்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். சுமார் 90 ஆண்டு கழித்து லூயி-குஸ்தாவ் பேஞ்செர் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தப் பக்கம் நேரில் போய்ப் பார்த்துவிட்டு, மலையும் இல்லை ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னார்.

யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதுதான் என்னைக் குடைகிறது. கேள்விக்குப் பொருத்தமாக இருந்ததால் மலை நின்றுவிட்டது. அண்ணனின் கறாரான ஆளும் அப்படி ஒரு மலையாக இருக்கலாம். ஆறு ஏன் இப்படி ஓடுகிறது என்ற அவன் கேள்வி நியாயமானது என்பதை மட்டும் நான் இதுவரை அவனிடம் ஒப்புக்கொண்டதில்லை.

மே 7, புதன்

மழை. மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் தீவுக்குப் பெயர் தேடினோம். நான் சொன்ன ஒன்பதையும் தள்ளிவிட்டாள். "எல்லாம் சோப்பு பேரு மாதிரி இருக்கு, சித்தி."

மே 9, வெள்ளி

அவள் பையின் ஜிப் திறந்துகொண்டது. கொக்கி மேலே ஏறுகிறது, பல் சேரவில்லை. "ஜிப் எப்படி மூடுது?" என்று கேட்டாள். இது ஒரு கேள்வியா என்று வாயைத் திறந்தேன். "அது... ரெண்டு பக்கமும்... இப்படி..." என்று கை மேலும் கீழும் போனதே தவிர வார்த்தை வரவில்லை. தினமும் நான்கு முறை ஜிப் போடுகிறவள் நான்.

பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தோம். கொக்கிக்குள் Y வடிவத்தில் ஒரு பாதை. இரண்டு கிளை ஒன்றாகிற இடத்தில் ஒரு பக்கப் பல் அடுத்த பக்கத்து இரண்டு பல்லுக்கு நடுவில் சாய்ந்து நுழைகிறது. கீழே இழுத்தால் நடுவில் இருக்கும் ஆப்பு பிரித்துவிடுகிறது. எங்கள் கொக்கியின் பின்பக்கம் வாய் விரிந்திருந்தது. இடுக்கியால் லேசாக அமுக்கினேன். பல் சேர்ந்தது. அன்றைக்கு வேறு எந்த வேலையிலும் இவ்வளவு திருப்தி இல்லை.

இதற்கு ஒரு பெயரே உண்டு: 'விளக்க ஆழத்தின் மாயை', அதாவது தெரியும் என்ற நினைப்பு. யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் 2002-இல் எழுதினார்கள். ஜிப், கழிப்பறைத் தொட்டி, தையல் இயந்திரம் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று தெரியுமா என்று கேட்டால் நன்றாகத் தெரியும் என்பார்கள். படிப்படியாக எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். அதற்குப் பிறகு, எவ்வளவு தெரியும் என்று மறுபடி கேட்டால் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொள்வார்கள்.

2013-இல் வேறு சிலர் இதை அரசியலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று கேட்காமல், அது எப்படி நடக்கும் என்று படிப்படியாகச் சொல்லுங்கள் என்றார்களாம். சொன்னவர்களின் தீவிரம் கொஞ்சம் தணிந்தது. துள்ளிக் குதித்துவிட்டேன். அப்புறம் மேலே படித்தால், 2021-இல் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்தத் தணிவு கிடைக்கவில்லை. புரிதல் குறைவு என்று ஒத்துக்கொள்கிறார்கள், கருத்தை மட்டும் விடுவதில்லை. அண்ணனைப் பார்த்து எழுதினாற்போல் இருக்கிறது. சரி, என்னைப் பார்த்தும்தான்.

மே 11, ஞாயிறு

ஆறாவது நிமிடத்தில் போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். தந்திரம் ஒன்றும் இல்லை, சலிப்புதான். ஸ்பீக்கரில் கேட்டதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

"தீவுக்கு ஒரு ராஜாவை வை, முடிஞ்சுது" என்றான் அண்ணன்.

"சரி, நீங்கதான் ராஜா, மாமா. எங்க இருக்கீங்க?"

"படகுத்துறைல. காத்து வரும்."

"கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஆள் போய்ப் பாத்துட்டு வந்து சொல்வான்."

"அந்த ஆளுக்கு உங்க மேல பயம். தண்ணி கொறஞ்சுடுச்சு, ஆனா சொன்னா திட்டுவீங்கன்னு நெறைய இருக்குன்னு சொல்லிட்டான்."

"இன்னொரு ஆளை அனுப்புவேன்."

"அவருக்கும் பயம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு, "நானே போய்ப் பாப்பேன்" என்றான்.

"தினமுமா? நடுவுல காடு இருக்கு மாமா. போக ஒரு நாள், வர ஒரு நாள்."

"காடு எப்ப வந்துச்சு?"

"இப்பதான் வெச்சேன்."

அவன் சிரித்த சிரிப்பை நான் கேட்டு வருஷக்கணக்காகிறது.

இதே விஷயத்தை நான் அவனிடம் அமர்த்திய சென்னின் பெயரில் சொல்லியிருக்கிறேன். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது அவர் வாதம். 1958-61 சீனப் பஞ்சத்தின் உச்சத்தில், கீழிருந்து வந்த ஊதிப் பெருக்கிய கணக்குகளை நம்பி, இருப்பதைவிட 10 கோடி டன் தானியம் கூடுதலாகக் கையில் இருப்பதாக அரசு நினைத்துக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறார். அதைச் சொன்னபோது அண்ணன், "புள்ளிவிவரம் காட்டாதே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். இன்றைக்குப் பயந்துபோன ஒரு ஆளை மட்டும் எதிரில் நிறுத்தியதும் அவனுக்கு வழி அடைபட்டுவிட்டது. அதுவும் அவனே அனுப்பிய ஆள்.

மே 14, புதன்

மே 4-இல் எழுதிய அதே இரண்டு ஆய்வாளர்கள் பற்றி இன்னொரு கதை.

2014 கடைசியில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. வாசலுக்கு வந்து ஒரு முறை பேசினாலே தன்பாலினத் திருமணம் பற்றிய கருத்து மாறுகிறது, பேசுகிறவர் தாமே தன்பாலின ஈர்ப்புள்ளவராக இருந்தால் அந்த மாற்றம் மாதக்கணக்கில் நிற்கிறது என்றது. ப்ரூக்மனும் கல்லாவும் அதே முறையில் தாங்களும் செய்து பார்க்கக் கிளம்பினார்கள். தரவை நோண்டினால் ஒன்றும் ஒட்டவில்லை. அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தது. 2015-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஆயிரக்கணக்கான வாக்காளர்கள் அடங்கிய அந்தக் கருத்துக்கணிப்பே கற்பனை.

தங்கள் சோதனையை அவர்கள் விடவில்லை. மயாமியில் வீடு வீடாகப் போய், திருநர் உரிமை குறித்துப் பத்து நிமிடம் பேசவைத்தார்கள். பேச்சு என்றால் வாதம் இல்லை. 'மற்றவர்களைப் போல இல்லை என்று உங்களை யாராவது எடைபோட்டிருக்கிறார்களா?' என்று கேட்டுவிட்டு, அந்த ஞாபகம் வெளியே வரும்வரை காத்திருப்பது. 2016-இல் முடிவு வந்தது. மாற்றம் நிஜம். மூன்று மாதம் கழித்தும் இருந்தது. பேசியவர் திருநரா இல்லையா என்பது பெரிதாகப் பொருட்படவில்லை.

இட்டுக்கட்டியவர் பாதி சரியாக இட்டுக்கட்டியிருக்கிறார் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

மே 17, சனி

ராஜா வேண்டாம், சபை வைக்கலாம் என்று நான் ஆலோசனை சொன்னேன். ஐந்து இடம். நூறு பேரில் படகுக்காரர்கள் 60, மலைக்காரர்கள் 28, கலங்கரைக்காரர்கள் 12. விகிதாசாரப்படி பிரித்தால் யாருக்கும் அநியாயம் இல்லை. இதை நான் பதினைந்து வருஷமாக மேடையில்லாமலே முழங்கி வருகிறேன்.

"எப்படிப் பிரிப்பீங்க?" என்றாள்.

ஒரு முறை: 100-ஐ ஐந்தால் வகுத்தால் இடத்துக்கு 20 பேர். படகுக்கு 3, மலைக்கு 1, மிச்சம் 8 பேர். கலங்கரைக்கு முழு இடம் இல்லை, மிச்சம் 12. பாக்கியுள்ள ஓர் இடம் பெரிய மிச்சம் யாருக்கோ அவர்களுக்கு. 3, 1, 1. அழகாக வந்தது.

இன்னொரு முறை, 1878-இல் பெல்ஜியத்துக்காரர் விக்டர் டி ஹோண்ட் எழுதியது. ஒவ்வொரு எண்ணையும் 1, 2, 3, 4 என்று வகுத்து, வருவதில் பெரிய ஐந்தை எடுக்க வேண்டும். படகு 60, 30, 20, 15. மலை 28, 14. கலங்கரை 12. பெரிய ஐந்து: 60, 30, 28, 20, 15. படகுக்கு 4, மலைக்கு 1, கலங்கரைக்கு முட்டை.

இரண்டுமே விகிதாசாரம்தான். இரண்டையும் இன்றும் நாடுகள் பயன்படுத்துகின்றன. நான் கணக்கை மூன்று தடவை போட்டேன், எங்கோ தப்பு என்று. தப்பே இல்லை.

"ராத்திரி முழுக்க முழிச்சிருக்கறது அவங்கதானே, அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள். படகுக்காரர்கள் இரண்டாவதைத்தானே கேட்பார்கள் என்றாள். முறையைத் தேர்ந்தெடுப்பது யார் என்றாள். அதற்கு நான் மெதுவாக எழுந்து துணி உலர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

(அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் தன் முதல் வீட்டோவைப் போட்டது இப்படி இடம் பிரிக்கும் ஒரு மசோதாவின் மேல்தான், 1792-இல். ஓடி ஒளிய ஆசைப்பட்டது நான் மட்டும் இல்லை என்று ஓர் ஆறுதல்.)

மே 18, ஞாயிறு

இன்று அண்ணன் உடம்பு, மழை எதையும் விசாரிக்கவில்லை. "அவளைக் கூப்பிடு" என்றான்.

"கிணத்துக்குள்ள ஒரு கயிறு விடணும். முழத்துக்கு ஒரு முடிச்சு. தண்ணி எந்த முடிச்சு வரைக்கும் இருக்குன்னு போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்கலாம். எவனும் எனக்கு வந்து சொல்ல வேணாம். பொய்யும் சொல்ல முடியாது."

அவள் யோசித்தாள். "அப்ப நீங்க எதுக்கு, மாமா?"

"கயிறு அறுந்தா மாத்தணும்ல? அதுக்கு ஒருத்தன் வேணும்ல?"

"அதுக்கு ராஜாவா?"

பத்து நிமிடம் இது ஓடியது. கயிற்றை யார் வாங்குவது, முடிச்சை இரவில் யாராவது நகர்த்தினால் என்ன, மலைக்காரர்கள் குட்டையாக இருந்தால் எட்டிப் பார்க்க முடியுமா. அதன்பின் போன் என்னிடம் வந்தது. செய்தி பார்த்தாயா என்று ஆரம்பித்தான். கறாரான ஒரே ஆள்தான் சரி என்று, போன வாரம் விட்ட இடத்திலிருந்து அப்படியே. நான் பதில் சொல்லவில்லை. விகிதாசாரம் என்ற வார்த்தையை எடுக்க இன்றைக்கு எனக்கு வாயில்லை.

அவள் தாளின் ஓட்டைக்குப் பின்னால் டேப் ஒட்டி, அதிலிருந்து தாளின் ஓரம்வரை ஒரு கோடு இழுத்திருக்கிறாள். கோட்டில் சின்னச் சின்ன முடிச்சு. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. எட்டாவதில் நீல நிறத்தில் ஒரு கீற்று.